சதுப்பு நில நடையில் ரயில் முதலில், நடை பிறகு

இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் நடக்க விரும்புவோர், கிரேட் யார்மத்திலிருந்து ரயிலில் பெர்னி ஆர்ம்ஸ் நிலையத்திற்குச் சென்று இறங்கி, பிரேடன் வாட்டர் நீர்ப்பரப்பின் கரை வழியாக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடந்தே யார்மத்திற்குத் திரும்புவது நல்லது. சாலை வசதியே இல்லாத அந்நிலையத்தில் நாளுக்குச் சில ரயில்களே நிற்கும் என்பதால், முதலில் நடந்துவிட்டுப் பிறகு ரயிலுக்காக ஓடும் பதற்றம் இம்முறையில் இல்லை. ஒருவழிப் பயணச்சீட்டும் போதுமானது. மேலும், அப்பகுதியில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, கிழக்கு நோக்கி நடப்பவரின் முதுகுப் பக்கமாகவே வரும். மரமோ மேடோ மறைக்காத சமநிலத்தில் ஏற்றத்தைவிட எதிர்க்காற்றே காலைச் சோர்வடையச் செய்கிறது. கேட்டால் மட்டுமே ரயில் நிற்குமாதலால், ஏறியவுடன் நடத்துநரிடம் சொல்லிவிட வேண்டும்.

கிழக்குக் காற்று வீசும் நாட்களில், குறிப்பாக வசந்த காலத்தில் அது அரிதன்று, காற்றினால் வரும் பயன் கிடைக்காது. வழியில் கடை ஏதும் இல்லாததால், குடிநீரை யார்மத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.