அன்னாசி ஜாம்: அடுப்பை எப்போது அணைப்பது?

நான் முதல் தடவை காய்ச்சிய அன்னாசி ஜாம் மறுநாள் காலையில் பாட்டிலுக்குள் மிட்டாய் மாதிரி இறுகிவிட்டது. கரண்டி இறங்கவே இல்லை. சூடாக இருந்தபோது தண்ணியாகத் தெரிந்ததால் இன்னும் கால் மணி நேரம் கிண்டியிருந்தேன். தப்பு அங்கேதான். அதனால் மற்றதைச் சுருக்கமாகவும், பதம் பார்ப்பதை விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் பழம். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்பூட் சந்தையில் இரண்டு நடுத்தர அன்னாசி வாங்கினால், தோலும் கண்ணும் போக ஏறக்குறைய 1 கிலோ தேறும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். கள் வாடை அடித்தால் வேண்டாம். அதோடு சீனி 600 கிராம், லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) 6, கிராம்பு 3, ஒரு விரல் நீளப் பட்டை, ஒரு சிட்டிகை உப்பு.

பாதிப் பழத்தைப் பொடியாக நறுக்குங்கள், மீதியைத் துருவுங்கள். நடுத்தண்டையும் துருவிச் சேர்க்கலாம். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

அடிகனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தில், பழத்தைப் பட்டை கிராம்போடு 15 நிமிடம் வேகவிடுங்கள். சீனி இப்போது வேண்டாம். சீனி விழுந்த பிறகு பழத்துண்டு சரியாக மசியாது. மசிந்த பிறகு சீனி, உப்பு, கஸ்தூரிச் சாறு. அன்னாசியில் ஜாமை உறைய வைக்கும் பெக்டின் குறைவு, புளிப்பு அதற்குத் துணை செய்யும்.

அடுப்பு ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பீங்கான் தட்டுகளை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சீனி கரைந்ததும் நுரை பொங்கும். அப்புறம் அது அடங்கி, கொப்பளங்கள் பெரிதாகி, மெதுவாக 'பொளக் பொளக்' என்று வெடிக்கும். கையில் தெறிக்கும், நீளக் கரண்டி வையுங்கள். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த தட்டில் அரைக் கரண்டி விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழுந்தால் பதம் சரி. ஓடினால் இன்னும் மூன்று நிமிடம் காய்ச்சி, அடுத்த தட்டில் பாருங்கள். வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். தட்டு சரி என்று சொன்ன பிறகு, பாத்திரத்தில் எவ்வளவு இளகலாகத் தெரிந்தாலும் மறுபடி அடுப்பை ஏற்றாதீர்கள். ஆறினால்தான் இறுகும்.

10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு மாதம் தாங்கும்.

சுட்ட ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே இதைத் தடவி, தே ஓவோடு (பால் சேர்க்காத தேநீர்) சாப்பிடுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, கெட்டித் தயிரில் ஒரு கரண்டி ஜாம், கொஞ்சம் மிளகாய்த்தூள், கடுகு தாளித்த பச்சடி. பருப்புச் சோற்றுக்கு அப்படிப் பொருந்தும். தீபாவளிக்கு டார்ட் (ஜாம் வைத்த பிஸ்கட்) செய்வதாக இருந்தால் மட்டும், ஒரு பங்கைத் தனியாக எடுத்து, உருண்டை பிடிக்க வரும்வரை சிறு தீயில் கிண்டிக்கொள்ளுங்கள்.