தடயவியல் லேபுக்கு முன் ஒரு பென் டிரைவ் பயிற்சி

அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் டிஜிட்டல் தடயவியலை இரண்டாண்டு அசோசியேட் படிப்பாக எடுப்பவர்கள், முதல் லேபுக்கு முன்பே இதைச் செய்து பழகுங்கள்.

பழைய 4 ஜிபி பென் டிரைவ் போதும். பெரியதென்றால் காத்திருந்தே பொழுது போய்விடும். முதலில் அதை முழுக்கப் பூஜ்ஜியத்தால் நிரப்புங்கள். வெறும் குயிக் ஃபார்மட் செய்தால் பழைய தரவு அப்படியே கிடக்கும். பிறகு மீட்டெடுத்ததில் எது நீங்கள் வைத்தது என்று சொல்ல முடியாது. எஃப்ஏடி32 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்து, 10 படங்களைப் போட்டு, 3 படங்களை அழியுங்கள்.

இனி ரைட் பிளாக்கர் (டிரைவைப் படிக்க மட்டும் விட்டு, எழுதவிடாமல் தடுக்கும் கருவி) வழியாக மட்டுமே கணினியில் இணைக்க வேண்டும். நேரடியாகச் செருகினால், நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் விண்டோஸ் அதில் எழுதிவிடக்கூடும்; எழுதினால் ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) மாறும். வீட்டில் பிளாக்கர் இல்லையா? விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூஎஸ்பிக்கு எழுதுதடை வைத்துப் பழகலாம். நிஜ வழக்கில் அதை நம்பாதீர்கள்.

டிரைவை நகலெடுக்கும் எஃப்டிகே இமேஜர் மென்பொருளில் பார்ட்டிஷனை (டிரைவின் ஒரு பிரிவை) அல்ல, முழு டிரைவையே தேர்ந்தெடுத்து, ஈ01 (E01) என்ற தடயவியல் கோப்பு வடிவில் இமேஜ், அதாவது முழு நகல் எடுங்கள். முடிந்ததும் சரிபார்ப்பில், டிரைவைப் படித்தபோது கணக்கிட்ட ஹாஷும் இமேஜின் ஹாஷும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். டிரைவின் சீரியல் எண், இமேஜ் எடுத்த நேரம், நேர மண்டலம் மூன்றையும் அப்போதே எழுதுங்கள். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இமேஜை ஆட்டாப்சி என்ற ஆய்வு மென்பொருளில் திறந்து, அழித்த படத்தின் டைரக்டரி பதிவை (கோப்பின் பெயரும் இருப்பிடமும் உள்ள குறிப்பை) ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்களாகப் பாருங்கள். முதல் பைட் ஈ5 (E5) என்றிருக்கும்; அழிக்கப்பட்டது என்பதற்கான குறி அது. முன்பு அந்த இடத்தில் இருந்தது பெயரின் முதல் எழுத்து. படத்தின் தரவு வேறு கிளஸ்டரில் (டிரைவின் சேமிப்புத் துண்டில்), மேலெழுதப்படும்வரை அப்படியே இருக்கும்.