முந்திரிக்கொட்டை இறக்குமதியில் டாலர் கணக்குத் தவறுகள்

பண்ருட்டியில் முந்திரித் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், ஐவரி கோஸ்ட்டிலிருந்து கொட்டை வரவழைக்கும் கணக்கைப் போன வாரம் என்னிடம் காட்டினார். டாலருக்கு ஃபார்வர்டு, அதாவது பின்னால் வாங்கப்போகும் டாலரின் விலையை இன்றே வங்கியோடு உறுதி செய்துகொள்ளும் ஒப்பந்தம், போட்டாயிற்றா என்று கேட்டேன். "இப்போதுதான் ஏறியிருக்கிறது அண்ணே, கட்டுகிற நேரத்துக்கு இறங்கிவிடும்" என்றார். 2013-இல் வங்கியில் நான் சொன்னதும் இதையேதான்.

கெடு வரை டாலரை உறுதி செய்யாமல் விடுவது

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாயை ஒட்டி இருந்தது. 50,000 டாலருக்கு, 120 நாள் கடனில் கொட்டை வாங்கினேன். அன்றைய கணக்கில் 27 லட்சம் ரூபாய். டாலருக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் பிரீமியம் கொடுத்தால் விலையை இன்றே உறுதி செய்துவிடலாம் என்று வங்கி அதிகாரி எடுத்துச் சொன்னார். அந்த ஐம்பதாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்தேன். மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று பேசியதும் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து டாலர் வெளியேறத் தொடங்கியது. ஜூனில் 60 ரூபாயைத் தாண்டியபோதும், இனி இறங்கும் என்றே காத்திருந்தேன். ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயையும் தாண்டியது; என் கெடு அந்த வாரத்தில்தான் வந்தது. 34 லட்சத்துக்கு மேல் கட்டினேன். கொட்டையோ அதற்குள் உடைபட்டு, பருப்பாகி, மே மாத அடக்க விலையை வைத்துப் போட்ட விலையிலேயே விற்றுத் தீர்ந்திருந்தது. செப்டம்பரில் ரூபாய் ஓரளவு மீண்டது. அதனால் எனக்குப் பயனில்லை.

பிரீமியத்தை வீண் செலவு என்று ஒதுக்குவதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அது பெரும்பாலும் இரு நாட்டு வட்டி விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசமே. கப்பல் வாடகையைப் போல அடக்க விலையில் சேர்க்க வேண்டிய செலவு. முழுத் தொகைக்கும் மனம் வரவில்லையென்றால் பாதிக்காவது போடுங்கள்.

செய்தித்தாளில் வரும் டாலர் விலையில் அடக்க விலை போடுவது

வங்கி உங்களுக்கு டாலர் விற்கும் விலை வேறு, சுங்கத் தீர்வைக்கு அரசு அறிவிக்கும் விலை வேறு; கணக்கை இவற்றை வைத்தே போடுங்கள்.

ரூபாய் சரிந்தால் பருப்பு ஏற்றுமதியில் லாபம் என்று நம்புவது

கொட்டையும் டாலரில்தான் வருகிறது. ரூபாய்ச் சரிவால் கிடைக்கும் ஆதாயம், உடைப்புக் கூலி, தோல் நீக்கும் கூலி போன்ற உள்ளூர்ச் செலவின் அளவுக்கே நிற்கும். அதிலும் ஒரு பங்கை வெளிநாட்டு வாடிக்கையாளர் தள்ளுபடியாகக் கேட்பார்.

வந்த டாலரை அன்றே ரூபாயாக்குவது

கொட்டைக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியிருந்தால், ஏற்றுமதியில் வந்த டாலரை, டாலராகவே வைத்திருக்க வங்கி தரும் இ.இ.எஃப்.சி. கணக்கில் வைத்து அதிலிருந்தே கட்டுங்கள். டாலர் வந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி வரை வைத்திருக்க விதி இடம் தருகிறது. குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கும் நட்டம் மிச்சமாகும்.