வருகிறவர்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள்? இணையதளத்தின் கன்வெர்ஷனைக் கூட்ட ஒரு செய்முறை

"டிராஃபிக்கை எப்படிக் கூட்டுவது?" இணையதளம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இப்போது வருகிறவர்களில் எத்தனை பேர் நீங்கள் எதிர்பார்த்ததைச் செய்துவிட்டுப் போகிறார்கள்? இதற்கு உடனே எண் சொல்ல முடியாதவர்கள் இன்னும் ஆட்களை வரவழைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் சரியாக எண்ண வேண்டும். பிறகு பக்கத்தைத் திருத்த வேண்டும். கடைசியில்தான் கூட்டம் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும். எதனால் வீணானது என்றும் தெரியாது.

அனலிட்டிக்ஸை, அதாவது தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கருவியை, திறந்தே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, இணையவழியில் புகைப்படக் கலை கற்றுத்தரும் ஒரு தளத்தை வைத்துக்கொள்வோம்.

படி 1: எதை எண்ணப் போகிறீர்கள்?

கன்வெர்ஷன் என்பது, வந்தவர் நீங்கள் விரும்பிய ஒரு செயலைச் செய்து முடிப்பது. பொருள் வாங்குவது, ஃபார்மை நிரப்பி அனுப்புவது, போனில் அழைப்பது என்று அது தளத்துக்குத் தளம் மாறும். ஆயிரம் பேர் வந்து 20 பேர் வகுப்பில் பதிவு செய்தால் கன்வெர்ஷன் விகிதம் 2 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

ஒரே ஒரு முதன்மைச் செயலைத் தேர்ந்தெடுங்கள். நம் புகைப்படத் தளத்துக்கு அது வகுப்பில் பதிவு செய்வது. வீடியோ பார்ப்பது, பக்கத்தின் அடிவரை உருட்டுவது எல்லாம் துணைச் செயல்கள். அவற்றையும் முதன்மைச் செயலோடு கூட்டினால் விகிதம் அழகாகத் தெரியும், பதிவுகளோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

படி 2: எண்ணிக்கையை நம்பும்படி ஆக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பலர் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இலவசமாகக் கிடைக்கிறது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்றுவிட்டதால், அதற்கான பழைய பாடங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். புதியதில் எல்லாமே 'ஈவென்ட்'. பக்கம் திறப்பது, கிளிக் செய்வது, ஃபார்ம் அனுப்புவது ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட். அவற்றில் முக்கியமானதை 'கீ ஈவென்ட்' என்று குறித்துவைக்க வேண்டும். 2024 வரை இதையே கன்வெர்ஷன் என்று அழைத்தார்கள்; இப்போது அந்தப் பெயரை கூகுள் ஆட்ஸ் என்ற விளம்பரச் சேவைக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு எளிய வழி: பதிவு முடிந்ததும் 'நன்றி' என்று தனி முகவரியில் ஒரு பக்கம் திறக்கட்டும். அந்தப் பக்கம் திறப்பதையே கீ ஈவென்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் இரண்டு குழிகள் உண்டு. நன்றிப் பக்கம் தேடல் முடிவுகளில் வந்துவிட்டால், பதிவே செய்யாதவர்கள் நேராக அங்கே வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவரும் ஒரு கன்வெர்ஷனாக ஏறுவார். அதனால் அந்தப் பக்கத்தில், தேடல் முடிவுகளில் காட்டாதே என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறி போட வேண்டும். இரண்டாவது, ஒருவர் அந்தப் பக்கத்தை ரீலோட் செய்தால் இன்னொன்று ஏறும். இந்த இரண்டாவது குழியில் நானே விழுந்திருக்கிறேன். சில வாரங்கள் விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்று நம்பி, தினசரி பட்ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். மின்னஞ்சலுக்கு வந்த பதிவுகளை ஒருநாள் கையால் எண்ணியபோதுதான் உண்மை தெரிந்தது. அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கீ ஈவென்டின் அமைப்பில் 'செஷனுக்கு ஒருமுறை' (ஒருவரின் ஒரு வருகைக்கு ஒன்று மட்டும்) என்ற எண்ணும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

அமைத்து முடித்ததும் நீங்களே பதிவு செய்து பாருங்கள், செல்போனிலிருந்து ஒன்று, கணினியிலிருந்து ஒன்று. இப்போது நடப்பதைக் காட்டும் ரியல்டைம் அறிக்கையில் இரண்டும் வருகின்றனவா? அதன் பிறகு உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்) உங்கள் சொந்த ஆட்களின் வருகை என்று குறித்து வடிகட்டிவிடுங்கள். அந்த வடிகட்டி தொடக்கத்தில் 'சோதனை' நிலையில்தான் இருக்கும், அதை 'ஆக்டிவ்' ஆக்க வேண்டும். இன்னொன்றையும் முதல் நாளே செய்யுங்கள். விரிவான ஆய்வுகளுக்கான தரவை 2 மாதம் மட்டுமே வைத்திருக்கும்படி அமைப்பு இருக்கும்; அதை 14 மாதமாக மாற்றுங்கள். தாமதித்தால், அழிந்துபோன தரவு திரும்பி வராது.

மாதம் ஒருமுறை உண்மையில் வந்த பதிவுகளையும் அனலிட்டிக்ஸ் காட்டும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குக்கீக்கு (வந்தவரை அடையாளம் காண உதவும் சிறு கோப்பு) அனுமதி தராதவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் காரணமாக அனலிட்டிக்ஸ் கொஞ்சம் குறைத்துக் காட்டுவது இயல்பு. கூடுதலாகக் காட்டினால்தான் எங்கோ தவறு.

படி 3: சராசரியை உடையுங்கள்

மொத்த விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அது உங்களை ஏமாற்றும். ஒரு கணக்கு போடுவோம். முதல் மாதம் கணினியில் 600 பேர் வந்தார்கள், 4 சதவீதம், 24 பதிவுகள். செல்போனில் 400 பேர், 1 சதவீதம், 4 பதிவுகள். மொத்தம் ஆயிரத்துக்கு 28, அதாவது 2.8 சதவீதம். அடுத்த மாதம் பக்கத்தைத் திருத்துகிறீர்கள், விளம்பரமும் விடுகிறீர்கள். கணினியில் அதே 600 பேர், இப்போது 4.5 சதவீதம், 27 பதிவுகள். செல்போனில் 1,400 பேர், 1.5 சதவீதம், 21 பதிவுகள். மொத்தம் 2,000 பேருக்கு 48. விகிதம் 2.4.

இரண்டு இடத்திலும் முன்னேற்றம், மொத்தத்தில் மட்டும் சரிவு! வந்தவர்களின் கலவை மாறியதுதான் காரணம். இது தெரியாமல், நல்ல திருத்தத்தை அழித்துவிட்டுப் பழைய பக்கத்துக்கே திரும்புகிறவர்கள் உண்டு. ஆகவே எந்த எண்ணையும் சாதனம் வாரியாகவும், வந்த வழி வாரியாகவும், முதலில் இறங்கிய பக்கம் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள்.

வந்த வழி சரியாகப் பிரிய வேண்டுமென்றால், நீங்கள் மின்னஞ்சலிலும் சமூக ஊடகத்திலும் பகிரும் லிங்குகளில் யூடிஎம் குறிப்புகளை, அதாவது லிங்கின் முடிவில் ஒட்டி வந்த வழியைச் சொல்லும் சொற்களை, சேர்க்க வேண்டும். எந்தத் தளம், எந்த வகை, எந்தப் பிரச்சாரம் என்று மூன்று விவரம் போதும். இதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகப் பதிவாகும். எப்போதும் சிறிய எழுத்தே என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கில் யூடிஎம் போடவே கூடாது. போட்டால் அவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தடயம் குலைந்துவிடும்.

படி 4: எந்த இடத்தில் நழுவுகிறார்கள்?

அனலிட்டிக்ஸில் 'எக்ஸ்ப்ளோர்' பகுதிக்குள், படிக்குப் படி எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் ஃபனல் ஆய்வு இருக்கிறது. அதில் படிகளை வரிசையாகக் கொடுங்கள்: வகுப்புப் பக்கம் பார்த்தார், ஃபார்மைத் தொடங்கினார், நன்றிப் பக்கம் வந்தார். 1,000 பேர் பார்த்து, 180 பேர் ஃபார்மைத் தொடங்கி, 20 பேர் மட்டும் முடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நான் முதலில் கை வைப்பது ஃபார்மில்தான். தொடங்கிய 180 பேருக்கு விருப்பம் இருந்திருக்கிறது. விரும்பி வந்தவர்களில் 160 பேரை அந்த ஃபார்ம் விரட்டியிருக்கிறது. அதில் 20 பேரை மீட்டாலே பதிவு இரட்டிப்பாகும்.

எண்கள் 'எங்கே' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போன்ற இலவசக் கருவி உதவும். வருகிறவர்கள் எங்கே தொடுகிறார்கள், எங்கே நின்று தடுமாறுகிறார்கள் என்பதை வீடியோ போலப் பார்க்கலாம். தளத்தின் தனியுரிமைக் குறிப்பில் இதைச் சொல்லி, தேவையான இடத்தில் அனுமதியும் வாங்குங்கள். அதைவிடவும் நான் நம்புவது ஒன்று உண்டு: தளத்தை முன்பின் பார்க்காத ஒருவரிடம் செல்போனைக் கொடுத்து, "இதில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருவது. ஐந்து பேரை அப்படிப் பார்த்தால், ஒரு மாதத்துக்குத் திருத்த வேண்டியவை கிடைத்துவிடும்.

படி 5: பக்கத்தைத் திருத்துங்கள்

ஃபார்மில் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, "இது இல்லாமல் வகுப்பைத் தொடங்க முடியாதா?" என்று கேளுங்கள். முடியுமென்றால் எடுத்துவிடுங்கள். எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைப்பலகை தானாக வரட்டும். தவறு நேர்ந்தால், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று அதன் பக்கத்திலேயே சொல்லுங்கள். நிரப்பியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி நிரப்பச் சொல்வதைப் போல மனிதரைக் களைப்பாக்குவது வேறில்லை.

பக்கத்தின் முதல் திரையில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். இங்கே என்ன கிடைக்கும், யாருக்கு, அடுத்து எதைத் தொட வேண்டும். 'சமர்ப்பி' என்று எழுதிய பட்டனைவிட 'வகுப்பில் இடம் பதிவு செய்' என்ற பட்டன் தெளிவு. கட்டணத்தை ஒளிக்காதீர்கள். கடைசித் திரையில் திடீரென்று சேரும் கூடுதல் தொகை நம்பிக்கையை உடைக்கும்.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவி போதும். கூகுள் வகுத்திருக்கும் அளவுகள் மூன்று: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும், படிக்கும்போது வரிகள் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். நான்கில் மூன்று வருகைகளுக்காவது இது கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் குற்றவாளி, சுருக்காமல் ஏற்றிய படம்தான். புகைப்படத் தளம் என்றால் கேட்கவே வேண்டாம்.

படி 6: தேடி வருபவர்களின் சொல்லைக் கேளுங்கள்

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலை அனலிட்டிக்ஸுடன் இணையுங்கள். அதில் மக்கள் என்ன சொற்களைத் தட்டி உங்கள் தளத்தைக் கண்டார்கள் என்று 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். எஸ்இஓ (தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்றதும் எல்லோரும் முதலிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடச் சொல்லுக்கும் பக்கத்துக்கும் உள்ள பொருத்தம்தான் முக்கியம்.

'கேமரா என்றால் என்ன' என்று தேடுகிறவர் படிக்க வந்தவர். 'புகைப்பட வகுப்பு கட்டணம்' என்று தேடுகிறவர் ஏறக்குறைய முடிவெடுத்தவர். முன்னவரிடம் பதிவு ஃபார்மை நீட்டினால் ஓடிப்போவார். அவருக்கு நல்ல விளக்கம் கொடுத்து, அதன் முடிவில் தொடக்க வகுப்பின் பக்கத்தைக் காட்டுங்கள். பின்னவருக்குக் கட்டணமும் நேரமும் முதல் திரையிலேயே கிடைக்க வேண்டும்.

உடனே பலன் தரும் இடம் ஒன்று சொல்கிறேன். தேடல் முடிவுகளில் உங்கள் தளத்தின் சராசரி இடம் 5 முதல் 15 வரை இருக்கும் தேடல்களில், பலர் கண்ணில் பட்டும் சிலரே கிளிக் செய்தவற்றைப் பிரித்தெடுங்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பையும் விவரிப்பையும் தேடியவரின் சொல்லுக்கு ஏற்பத் திருத்துங்கள். விடுபட்ட பதிலைச் சேருங்கள். புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட இது சீக்கிரம் பலிக்கும்.

படி 7: இப்போது விளம்பரம்

தேடல் விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே ஆளே வந்து கேட்கிறார். கூகுள் ஆட்ஸில் புதிய பிரச்சாரம் உருவாக்கும்போது, டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் (பிற தளங்களில் விளம்பரம் காட்டும் வலை) சேர்ந்தே டிக் ஆகியிருக்கும். முதல் பிரச்சாரத்தில் அதை எடுத்துவிடுங்கள். ஊர்த் தேர்வில் 'அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதுதான் இயல்பாக இருக்கும். அங்கே இருப்பவர்கள் மட்டும் போதுமென்றால் மாற்ற வேண்டும்.

எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொற்கள்தான் கீவேர்டுகள். தேடலோடு நெருங்கிப் பொருந்த வேண்டிய 'ஃப்ரேஸ்', 'எக்ஸாக்ட்' வகையில் சிலவற்றோடு தொடங்குங்கள். வாரம் இருமுறை, உண்மையில் என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். புகைப்பட வகுப்புக்கு 'இலவசப் புகைப்படம் டவுன்லோடு' என்று தேடியவர் வந்திருப்பார். 'இலவச', 'டவுன்லோடு' போன்றவற்றை, விளம்பரம் வரக் கூடாத சொற்களாக, அதாவது நெகட்டிவ் கீவேர்டாகச் சேருங்கள். பணம் அதிகம் மிஞ்சுவது இங்கேதான்.

விளம்பரத்தில் சொன்ன அதே வாக்குறுதி, இறங்கும் பக்கத்தின் தலைப்பிலும் இருக்க வேண்டும். 'வார இறுதி வகுப்பு' என்று கிளிக் செய்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டுத் தேடவைக்காதீர்கள். கூகுள் உங்கள் கீவேர்டுகளுக்குக் கொடுக்கும் தர மதிப்பெண்ணான குவாலிட்டி ஸ்கோர் 1 முதல் 10 வரை. அதன் மூன்று கூறுகளில் ஒன்று இந்த லேண்டிங் பேஜ் (இறங்கும் பக்கம்) அனுபவம்.

ஆட்ஸும் அனலிட்டிக்ஸும் ஒரே எண்ணைக் காட்டாது. ஆட்ஸ் கன்வெர்ஷனைக் கிளிக் நடந்த நாளில் எழுதும், அனலிட்டிக்ஸ் பதிவு நடந்த நாளில் எழுதும். ஏதாவது ஒன்றை வைத்தே மாதாமாதம் ஒப்பிடுங்கள்.

படி 8: மாற்றம் பலித்ததா?

ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனை என்ற சொல் கவர்ச்சியானது. ஆனால் 2 சதவீதம் 2.5 ஆக உயர்ந்ததை ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 14,000 வருகைகள் தேவைப்படும். மாதம் ஆயிரம் பேர் வரும் தளத்தில், பட்டனின் நிறத்தை மாற்றிச் சோதிப்பதால் பயனில்லை. அத்தகைய தளத்தில் பெரிய மாற்றங்களையே செய்யுங்கள்: ஃபார்மைப் பாதியாக்குவது, பக்கத்தைப் புதிதாக எழுதுவது. ஒரு நேரத்தில் ஒன்று. முன்னும் பின்னும் முழு வாரங்களாக எடுத்து ஒப்பிடுங்கள். வார நாளுக்கும் விடுமுறைக்கும் வருகை வேறுபடும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன மாற்றினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று நான்கு நெடுவரிசை. ஐந்தாவதாக இன்னொரு நெடுவரிசையையும் நான் சேர்ப்பேன்: பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வகுப்புக்கு வந்தார்கள். ஃபார்ம் எளிதானதால் பதிவு 20-லிருந்து 40 ஆகி, வகுப்புக்கு வந்தவர்கள் 15-லிருந்து 16 மட்டுமே ஆனார்கள் என்றால், ஃபார்மில் எடுத்துவிட்ட கேள்விகளில் ஒன்றைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.