‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று மாநகராட்சி சொன்னால் என்ன செய்வது?

உங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வரும் என்று அறிவித்தார்கள், வரவில்லை. வார்டு ஆபீஸில் கேட்டால் “கேஸ் நடக்குதுங்க” என்கிறார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் உண்மைதானா, வேலையை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அந்த வழக்கில் ஏதாவது இருக்கிறதா என்று நாமே பார்த்துவிடலாம். இதற்கு வக்கீல் வேண்டாம். சென்னை மாநகராட்சியை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

படி 1: ஒரே ஒரு அறிவிப்பை எடுங்கள்

மாநகராட்சி இணையதளத்தில் பட்ஜெட் உரை இருக்கும். ‘மேம்படுத்தப்படும்’, ‘வலுப்படுத்தப்படும்’ என்று முடிகிற வரிகளை விட்டுவிடுங்கள், அவற்றை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. எத்தனை கிலோமீட்டர், எந்த மண்டலம், எவ்வளவு கோடி என்று சொல்லும் வரிதான் நமக்கு வேண்டும். 200 வார்டு உள்ள ஊரில் எல்லாவற்றையும் துரத்த நினைத்தால் எதுவும் நடக்காது.

படி 2: தீர்மான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மாமன்றக் கூட்டங்களில் பொருள்கள் கட்டுக்கட்டாக வரும், மளமளவென்று நிறைவேறும். உங்கள் வேலைக்கான தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் அடுத்த படியில் கேட்டுவிடலாம்.

படி 3: தகவல் உரிமை மனு

2005ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘ஏன் வேலை நடக்கவில்லை?’ என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்று தட்டிக் கழிப்பார்கள். ஆவணமாகக் கேளுங்கள்:

- தீர்மானத்தின் நகல், பணி ஆணையின் நகல்
- பணி முடிய வேண்டிய தேதி, இதுவரை வழங்கிய தொகை
- வழக்கு இருந்தால் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு
- இடைக்காலத் தடை இருந்தால் அந்த உத்தரவின் நகல்
- மாநகராட்சி பதில் மனு தாக்கல் செய்த தேதி

‘வழக்கு நிலுவையில் இருப்பதால் தகவல் தர இயலாது’ என்று பதில் வரலாம். இது செல்லாது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றமே தடை விதித்த தகவலையும், வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகக்கூடிய தகவலையும் மட்டும்தான் சட்டத்தின் 8(1)(ஆ) பிரிவு விலக்குகிறது. வெறும் நிலுவை காரணமாகாது. பதில் வந்த 30 நாளுக்குள் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி முதல் மேல்முறையீடு போடுங்கள்.

படி 4: வழக்கைத் திறந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும்.

உயர் நீதிமன்ற வழக்கென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் தளம், சிவில் வழக்கென்றால் இ-கோர்ட்ஸ் தளம். ‘கேஸ் ஸ்டேட்டஸ்’ பகுதியில் வழக்கு வகை, எண், ஆண்டு மூன்றையும் போடுங்கள். ரிட் மனு (அரசு அமைப்புகளுக்கு எதிராக நேராக உயர் நீதிமன்றத்தில் போடுவது) என்றால் வகை ‘டபிள்யூ.பி.’ திரையில் முதலில் பார்க்க வேண்டியது நிலை: ‘டிஸ்போஸ்டு’ என்று இருந்தால் வழக்கு முடிந்துவிட்டது. அப்புறம் என்ன நிலுவை? தீர்ப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ‘பெண்டிங்’ என்றால் அதனோடு சேர்ந்த ‘டபிள்யூ.எம்.பி.’ என்ற துணை மனுவைத் தேடுங்கள். இடைக்காலத் தடை கேட்பதெல்லாம் அதில்தான். கேட்டதோடு சரியா, தடை கிடைத்ததா, எந்தத் தேதி வரை என்று உத்தரவில் படித்துப் பாருங்கள்.

வழக்குப் போட்டாலே வேலை நிற்க வேண்டியதில்லை. நிறுத்துவது தடை உத்தரவு மட்டும்தான். அதிலும் அரசியலமைப்பின் 226(3) பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருந்தால், அதை விலக்கக் கோரி மனுப் போடலாம். அந்த மனுவை இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆக, அப்படிப்பட்ட ஒரு தடை வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால், மாநகராட்சி அந்த மனுவைப் போட்டதா என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், ‘கோர்ட்டில் இருக்கிறது’ என்பதைவிட ‘கவுண்டரே (பதில் மனுவே) தாக்கல் செய்யவில்லை’ என்பது பல நேரங்களில் பெரிய செய்தி.

ஒப்பந்தத் தகராறில் சிவில் நீதிமன்றம் போனவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் சேர்த்த 20ஏ பிரிவின்படி, உள்கட்டமைப்புத் திட்ட ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட வழக்கில், வேலையைத் தாமதப்படுத்தும் தடை கொடுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் மழைநீர் வடிகாலும் உண்டு. ரிட் மனுக்களுக்கு இது பொருந்தாது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 5: கவுன்சிலர் கையில் கொடுங்கள்

மன்றத்தில் எழுந்து கேட்கும் உரிமை அவருக்குத்தான் உண்டு. கட்டுக் காகிதத்தை நீட்டாதீர்கள், படிக்க மாட்டார். ஒரே பக்கம் போதும். மேலே தீர்மான எண், கீழே வழக்கு எண்ணும் கடைசி உத்தரவின் தேதியும், அதற்கும் கீழே மூன்று கேள்விகள்:

பதில் மனு எந்தத் தேதியில் தாக்கலானது? தடையை விலக்க மனுப் போடப்பட்டதா? தடை இல்லாத பகுதியில் வேலையைத் தொடங்க என்ன இடையூறு?

வார்டுக் குழு, பகுதி சபைக் கூட்டங்களிலும் இதையே எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மன்றத்தில் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வாய்மொழியாகப் பதில் வந்தால், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியிருக்கிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள். ஏறவில்லை என்றால், இன்னொரு 10 ரூபாய் மனு.