'கர்ப்பப்பை எடுத்தாச்சு' என்றால் எழுதிவிடாதீர்கள்

போன வாரம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், வரிசையில் வந்தவரிடம் "அம்மா, கர்ப்பப்பை இருக்கா?" என்று கேட்டாள். "எடுத்தாச்சு டாக்டரம்மா." படிவத்தில் 'தேவையில்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். பத்து வினாடிகூட ஆகவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கர்ப்பப்பையை அதன் வாயோடு (செர்விக்ஸ்) சேர்த்து எடுத்திருந்து, அந்த வாயில் புற்றுநோயோ அதற்கு முந்தைய கட்டமான சி.ஐ.என். 2, 3 மாற்றங்களோ இருந்ததில்லை என்றால் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் வேண்டாம், இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனையும் வேண்டாம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் சொன்னதும் இதுதான். ஆனால் இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த அம்மாவிடம் இரண்டையுமே யாரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வாய் இருக்கிறதா என்று பார்க்காதது

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அவசரத்தில் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பல நேரம் மேல்பகுதியை மட்டும் எடுத்திருப்பார்கள். வாய் அப்படியே இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சப்டோட்டல்' என்று இருந்தால் மற்றப் பெண்களைப் போலவே இவருக்கும் பரிசோதனை உண்டு. சம்மரி இல்லையா? யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்காதது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

நம் ஊரில் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த கர்ப்பப்பையை ட்ரேயில் வைத்து உறவினர்களுக்குக் காட்டுவார்கள். பார்த்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி. அப்புறம் அது ஃபார்மலின் டப்பாவில் லேபுக்குப் போகிறது. சில இடங்களில் டப்பாவை உறவினர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் வரப் பல நாள் ஆகும், அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். தையல் பிரிக்க வரும்போது புண் ஆறிவிட்டதா என்று பார்ப்பார்கள், ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச்சே எழாது.

அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். அதிக ரத்தப்போக்குக்காக நாலு வருஷத்துக்கு முன் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். அதற்கு முன் பாப் ஸ்மியர் எடுக்கவே இல்லை. 'தேவையில்லை' என்று எழுதி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து ரத்தக்கசிவோடு திரும்பி வந்தார். கணவர் லேபுக்கு அலைந்து பழைய ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வந்தார்: கர்ப்பப்பை வாயில் சி.ஐ.என். 3, வெட்டிய ஓரத்திலும் இருக்கிறது. நாலு வருஷமாக யாரும் அதைப் படிக்கவில்லை. வாயை எடுத்த பின் யோனியின் மேல்முனையில் தையல் போட்ட இடத்தில் புற்று வந்திருந்தது. கர்ப்பப்பைதான் போயிற்றே தவிர, எச்.பி.வி. போகவில்லை.

முதல் தடவை வந்தபோது "ரிப்போர்ட் எங்கே?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 2 அல்லது 3 இருந்தால், வருஷத்துக்கு ஒரு முறையாக மூன்று எச்.பி.வி. பரிசோதனை; அவை சரியாக இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, குறைந்தது 25 வருஷம். 65 வயது தாண்டிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. புற்றுநோயே இருந்தால் அது ஸ்கிரீனிங் விஷயமே இல்லை, அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் தொலைந்திருந்தால் ஆபரேஷன் தேதியைச் சொல்லி லேபில் கேட்டுப் பாருங்கள். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் நான் பரிசோதனை செய்துவிடுவேன்.

ஓவரியைப் பற்றி விசாரிப்பது

எடுத்தாலும் விட்டாலும் இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இருக்கிறதே என்று வருஷாவருஷம் ஸ்மியர் எடுப்பது

தேவையில்லாதவருக்குக் காசு தண்டம். போதாக்குறைக்கு வீண் பயம்.

ரத்தம் பட்டும் சும்மா இருப்பது

ஸ்கிரீனிங் என்பது தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கானது. ஆபரேஷன் ஆறிய பிறகு ரத்தம் பட்டாலோ நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ உடனே உள்பரிசோதனை வேண்டும், பழைய ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

முகாமுக்கு வந்த அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டோம். காகிதமெல்லாம் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தார். முழுதாக எடுத்திருக்கிறார்கள், ஃபைப்ராய்டு கட்டி, வாயில் ஒன்றும் இல்லை. ஹவுஸ் சர்ஜன் மறுபடியும் 'தேவையில்லை' என்றுதான் எழுதினாள், பக்கத்தில் ரிப்போர்ட் தேதியையும் போட்டு.