பாட்ஹோல்ல 'த' சத்தம் எங்கேருந்து வந்துச்சு?

இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை ஒட்டி உருவான காம்பவுண்ட் வார்த்தைய சிலபிளா, அதாவது அசையா, பிரிக்குறப்ப நிறைய பேர் பண்ற தப்பு, ரெண்டு வார்த்தை ஒட்டுன இடத்த பாக்காம எழுத்த பாத்து வெட்டுறதுதான். பாட்ஹோல்ல டி-யும் எச்-சும் பக்கத்துல நிக்குதேன்னு அத 'த'ன்னு படிச்சுடறாங்க, லூப்ஹோல் 'லூஃபோல்' ஆயிடுது. மொதல்ல ஒட்டு எங்கன்னு பாருங்க, பாட் தனி ஹோல் தனி, அப்புறமா சிலபிள் எண்ணுங்க. சம்டைம்ஸ்ல நடுவுல வர்ற இ எழுத்துக்கு சத்தமே கிடையாது, அதனால ரெண்டு சிலபிள்தான், மூணு இல்ல. நம்ம வாய்ப்பழக்கம் வேற இருக்கு, க், ப்-ல நிறுத்தாம கடைசில ஒரு 'உ' போட்டு 'புக்கு ஷாப்பு'ன்னா ரெண்டு சிலபிள் நாலாயிடும்.

இதவிட பெரிய தப்பு ஸ்ட்ரெஸ்லதான் நடக்குது, ரெண்டு பாதியையும் ஒரே அழுத்தமா சொல்லிட்டு போயிடறோம், ஆனா கேக்குறவங்களுக்கு அர்த்தமே அந்த அழுத்தத்துலதான் இருக்கு. காம்பவுண்ட் பெயர்ச்சொல்னா பெரும்பாலும் மொத பாதிய அழுத்தணும். கிரீன்ஹவுஸ்ல கிரீன அழுத்துனா செடி வளக்குற கண்ணாடி வீடு, ஹவுஸ அழுத்துனா வெறும் பச்சை கலர் வீடு. 'இங்கிலீஷ் டீச்சர்'ல இங்கிலீஷ அழுத்துனா இங்கிலீஷ் பாடம் எடுக்குறவங்க, டீச்சர அழுத்துனா இங்கிலாந்துலேருந்து வந்த டீச்சர், அவங்க கணக்கு கூட எடுக்கலாம். எனக்கு இந்த உதாரணம் ரொம்ப பிடிக்கும், ஏன்னா எழுத்துல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான்.

நடுவுல இடம் விட்டு எழுதிருக்குன்னு ஏமாறாதீங்க. பஸ் ஸ்டாப், போஸ்ட் ஆபீஸ், கிரெடிட் கார்ட் எல்லாமே காம்பவுண்ட்தான், மொத பாதிலதான் அழுத்தம்.

அதுக்காக இதையே எல்லாத்துக்கும் போட்டுடாதீங்க. ஓல்ட் ஃபேஷண்ட், பேட் டெம்பர்ட் மாதிரி பெயரடை வந்தா அழுத்தம் ரெண்டாவது பாதிக்கு போயிடும். லண்டன்ல ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்ட அழுத்துவாங்க, எட்ஜ்வேர் ரோடுக்கு ரோட அழுத்துவாங்க, ஸ்ட்ரீட் மட்டும் ஏன் தனின்னு மண்டைய உடைச்சுக்க வேணாம், அப்படியே பழகிக்குங்க. ஃபிளைட் 'டேக் ஆஃப்' ஆகுதுன்னு வினைச்சொல்லா சொன்னா ஆஃப்ல அழுத்தம், அதே டேக்ஆஃப் பெயர்ச்சொல்லானா டேக்ல.

டிக்ஷனரி பாக்குறப்பவும் ஒரு தப்பு நடக்குது. பெரும்பாலான டிக்ஷனரில அழுத்தத்த காட்ட உச்சரிப்புல மேல போட்டிருக்குற சின்ன கோடு அதுக்கு அடுத்து வர்ற சிலபிளுக்கு, முன்னாடி உள்ளதுக்கு இல்ல. அழுத்தம் இல்லாத பாதி சில வார்த்தைல சுருங்கியே போயிடும், போஸ்ட்மேன்ல மேன் 'மன்' மாதிரிதான் கேக்கும், கப்போர்டுல போர்டே காணாம போயி 'கபட்'னு நிக்கும்.